அஞ்சாவது வெடி

"நாலுதான் வெடிச்சுது. யாரும் உள்ளே போகாதீங்க" என்றான் நசர்பேக்.

எனக்கு வந்ததே கோபம்! ஐந்து திரி கொளுத்தினோம். ஐந்தும் வெடித்ததை இந்தக் காதால் கேட்டேன்.

"யோவ், காதுல என்ன பஞ்சா? அஞ்சுய்யா!"

"நாலு."

லாஜ்வர்த் என்கிற நீலக்கல் எடுக்கும் எங்கள் சுரங்கத்தில் வெடி எண்ணுகிறவன் சொன்னால் சொன்னதுதான். ஒன்று குறைந்தால் வெடிக்காத மருந்து உள்ளே கிடக்கிறதென்று அர்த்தம். மறுநாள் விடியும்வரை ஒருத்தனுக்கும் வேலை இல்லை.

அதுவும் என்றைக்கு? மூன்று மாதம் வெறும் பாறையைக் குடைந்து, அன்றுதான் கையகலத்துக்கு நீலம் தெரிந்தது. அன்றைய கல்லில், அன்று கடைசிவரை மலையில் நின்றவனுக்கே பங்கு. பாதியில் இறங்கினவனுக்குப் பட்டை நாமம். பனி விழுந்தால் கணவாயும் மூடிவிடும். எல்லாரும் வாய்க்கு வந்தபடி திட்டினோம். தவ்லத் மட்டும், "அப்ப வீட்டைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று சரிவில் விழுந்தடித்து ஓடினான்.

காலையில் போய்ப் பார்த்தால் ஐந்து குழியும் சுத்தமாக வெடித்திருக்கின்றன!

"பதினெட்டு வருஷமா உன் காதை நம்பினேன். இனிமே நீ கல்லு சுமந்தா போதும்" என்றார் மேஸ்திரி ஹக்தாத்.

நசர்பேக் கல் மூட்டையைத் தூக்கினான்.

"செவிட்டு ராசா, பாத்துப் போ! பின்னால கழுதை கனைச்சாலும் உனக்குக் கேக்காது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அப்போதுதான் தவ்லத் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். கை நிறைய உலர்ந்த முசுக்கொட்டைப் பழம்.

"பொண்ணு பொறந்திருக்கா! தாய்க்குத்தான் ரத்தம் நிக்கல. கழுதையில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கொஞ்சம் தாமதிச்சிருந்தா ரெண்டு உசுரும் போயிருக்குமாம்."

"வலின்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து காலையிலேயே சேதி வந்துச்சு."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா போன்னுதான் சொல்வீங்க. அப்புறம் பங்கு? மூணு மாசமா வீட்ல அடுப்பே சரியா எரியல. ஒருத்தர்கிட்டயும் வாயைத் தொறக்கல."

எனக்குச் சுருக்கென்றது. ஓடிப்போய் நசர்பேக்கின் மூட்டையைப் பிடுங்கி என் முதுகில் போட்டுக்கொண்டேன்.

"அண்ணே, நெசமாச் சொல்லுங்க. எத்தனை கேட்டுச்சு?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அஞ்சும் கேட்டுச்சு. நடுவுல, தவ்லத் பாறையில முகத்தை வச்சுக்கிட்டு அழுததும் கேட்டுச்சு."