தப்பான துணி

"அத்தான், இப்பதானே அந்தத் துணியால சக்கரத்தைத் துடைச்சீங்க?"

பெட்டியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள் தங்கை.

"வாம்மா, வா. பஸ் லேட்டா?" அத்தான் சிரித்துக்கொண்டே அதே துணியைக் கார் பானெட்டின் மேல் போட்டு அழுத்தித் தேய்த்தார்.

மண்டையைப் பிளக்கும் வெயில். பக்கெட்டில் பாத்திரம் விளக்குகிற சோப்பு நுரை பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

கொஞ்சம் தள்ளி, நிழலில் நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டு வந்தவள். பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். பேச்சுதான் திரும்பவில்லை. பேச முயற்சி செய்வதையே விட்டுவிட்டாள் என்று பத்து நாள் முன்பு அத்தான் போனில் சொல்லியிருந்தார். ஒரு வார்த்தை தடுமாறினால் போதும், வாயை இறுக்க மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாளாம்.

பதறிப்போய், லீவு கிடைத்ததும் ஓடி வந்தால், இங்கே மனுஷர் காரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார். அதையாவது உருப்படியாகச் செய்கிறாரா என்றால் அதுவும் இல்லை.

அந்தக் கருநீலக் கார் அக்காவுடையது. மருந்துக் கம்பெனி வேலைக்காக ஊரெல்லாம் ஓட்டிய வண்டி. நிழலில் நிறுத்திச் சூடு ஆறவிடுவாள். வெறும் தண்ணீர் அடித்து மண்ணைப் போக்கிய பிறகுதான் நுரையே. சக்கரத்துக்கு ஒரு துணி, பெயின்ட்டுக்கு வேறு துணி. கடைசியில் மெல்லிசாக ஒரு பூச்சு மெழுகு. வேறு யாரும் அதில் விரல் வைத்துவிட முடியாது.

"வே..." என்றாள் அக்கா.

அத்தான் திரும்பவே இல்லை.

"வே... வேற..."

"என்ன சொல்றே?" காதை மட்டும் அவள் பக்கம் சாய்த்தார். கை நிற்கவில்லை.

"வேற து... துணி." அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"ஏன், இந்தத் துணிக்கு என்ன குறைச்சல்?"

"ம... மண்ணு. கீ... கீறும்."

"கார்தானே, கீறினா கீறிட்டுப் போகுது."

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியைப் போட்டுவிட்டு அவர் கையிலிருந்த துணியைப் பிடுங்கினாள்.

"உடம்பு முடியாதவளை இப்படியா படுத்தறது? நகருங்க, நான் பாத்துக்கறேன்."

அவரை விட்டே வண்டியை நிழலுக்குத் தள்ள வைத்தாள். பக்கெட்டைக் கொட்டிவிட்டு, அக்காவின் ஷாம்பூவையும் பஞ்சுத் துணிகளையும் தேடி எடுத்து வந்தாள். கழுவி, ஈரம் ஒற்றி, மெழுகு பூசித் துடைத்து முடித்தபோது பானெட்டில் முகம் பார்க்கலாம் போலிருந்தது.

"எப்படிக்கா இருக்கு?"

அக்கா தலையை ஆட்டினாள்.

"எங்கயாவது விட்டுப்போச்சா?"

இல்லை என்று கையசைத்தாள். அவ்வளவுதான். சாப்பிடும்போதும் கையசைப்புதான். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

சாயங்காலம் சமையலறையில் தங்கை தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அத்தான் உள்ளே வந்து கதவை மெல்லச் சாத்தினார்.

"ஒரு உதவி பண்ணும்மா. நாளைக்கு நீ காரைத் தொடாதே."

"ஏன், நான் கழுவினது பிடிக்கலையா?"

"ரொம்ப நல்லாக் கழுவிட்டே. அதுதான் கஷ்டம்."

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்க படம் காட்டிக் காட்டிக் கேட்டாங்க. பூனை சொல்லுங்க, பந்து சொல்லுங்கன்னு. வாயைத் திறக்கலை. நானும் கெஞ்சிப் பார்த்துட்டேன். ஒருநாள் வண்டி மேல பறவை எச்சம் காய்ஞ்சு கிடந்தது. புத்தி இல்லாம பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்துட்டுப் போனேன். ஜன்னல்லேருந்து 'வேண்டாம்'னு ஒரு சத்தம். வீட்டுக்கு வந்த பிறகு அவ பேசின முதல் வார்த்தை அதுதான்."

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அதுலேருந்து தினம் ஏதாவது தப்பாப் பண்றேன். பெயின்ட் போனா அடிச்சுக்கலாம். அவளுக்குத் தெரிஞ்சா பேசறதை நிறுத்திடுவா. காட்டிக் குடுத்துடாதே."

தங்கை குழாயை மூடினாள்.

மறுநாள் காலை அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொண்டாள். அத்தான் வண்டியை வெயிலுக்குத் தள்ளினார். மெழுகு டப்பாவைத் திறந்து, ஒரு பெரிய கட்டியை வழித்துச் சுடுகிற பானெட்டில் அப்பினார்.

தங்கை பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மெ... மெல்லிசா," என்றாள் அக்கா.

"கேக்கலை."

"மெல்லிசாப் போடுங்க. வெயில்ல... வேண்டாம். ஒட்டிக்கும்."

அத்தான் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவர் நிமிரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சரி, வேற துணி கொண்டு வரேன்" என்று முகத்தைக் காட்டாமல் உள்ளே போனார்.

தங்கைக்கு மனசு லேசாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அக்கா இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவர்கிட்ட... சொல்லிடாதே."

"எதைக்கா?"

"வேணும்னுதான்... தப்பா செய்யறார். எ... எனக்குத் தெரியும்."

தங்கை அவள் பக்கம் குனிந்தாள்.

"தெரிஞ்சுமா இவ்வளவு கஷ்டப்பட்டுத் திட்டறே?"

அக்கா வாசல் கதவைப் பார்த்தாள். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"நான் பேசற அன்னிக்குத்தான்... அவர் தூங்கறார்."