அதிகாரி வேடம்

ஹிரோஷிமாவில் நடந்த அமைதிப் பணியாளர் பயிற்சியில் அன்று நடிப்புப் பாடம். மகனைப் பறிகொடுத்த தாய் வேடம் சிஹாயாவுக்கு. ராணுவ அதிகாரி வேடம், பர்மாவிலிருந்து வந்திருந்த தீஹாவுக்கு.

"ஐயா, என் பையனோட உடம்பையாவது குடுத்துடுங்க" என்று சிஹாயா கைகூப்பினாள்.

தீஹா நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "எந்தப் பையன்? இங்க யாரும் வரலியே."

"உங்க ஆளுங்கதானே ஜீப்புல ஏத்திட்டுப் போனாங்க?"

"எவளோடயாவது ஓடிப்போயிருப்பான். வெயில்ல வந்திருக்கே, ஒரு டீ குடிச்சிட்டுப் போம்மா."

அவன் சிரித்த சிரிப்பில் சிஹாயாவுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. இவனோடா இத்தனை நாள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம் என்று இருந்தது.

வகுப்பே கைதட்டியது. பயிற்சியாளர் மோரினாகா எழுந்தே நின்றுவிட்டார். "பிரமாதம்! அடுத்த வாரம் வெளிநாட்டுத் தூதர்கள் முன்னாடி இதை அப்படியே செஞ்சு காட்டணும்."

"எப்படி உங்களால இவ்வளவு ஈவு இரக்கமில்லாம பேச முடிஞ்சது, தீஹா?" சிஹாயாவின் குரலில் கோபம் தணியவில்லை. "நடிக்கச் சொல்லிக் குடுத்த குறிப்புல இதெல்லாம் இல்லவே இல்லையே!"

தீஹா தலைகுனிந்தபடி சொன்னான்: "நானா எதுவும் சேர்க்கலை. எங்கண்ணன் உடம்பைக் கேட்டு அம்மாவும் நானும் போனப்ப, அந்த அதிகாரி பேசினதைத்தான் பேசினேன்."

சிஹாயாவுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கூசியது.

மோரினாகா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தீஹா... தூதர்கள் வர்ற அன்னிக்கு, கடைசியில இதையும் சொல்ல முடியுமா?"