கடைசி வரிசைத் தோழிகள்

காலையிலிருந்து அவள் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை “ஹலோ” தான். அதுவும் மதியம் சாப்பாட்டு இடைவேளையில், அம்மாவிடம்.

வேதியியல் ஆய்வகத்துக்கு வெளியே, நடையில் கிடந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிரிக்காத ரொட்டிப் பொட்டலம். விரல் நுனியில் இன்னும் சோப்புக்குப் போகாத அமில வாடை.

போன் திரையில் அம்மாவின் பாதி முகமும் தையல் மெஷினின் சக்கரமும் தெரிந்தன.

வகுப்பில் இருபத்து மூன்று பேர். ஆய்வகத்தில் இரண்டிரண்டு பேராக நிற்க வேண்டும். ஒருத்தி ப்யூரெட் குழாயில் அமிலத்தின் அளவைப் பார்த்துச் சொல்ல, இன்னொருத்தி எழுத வேண்டும். மீந்துபோன இருபத்து மூன்றாவது ஆள் இவள். இவளே குனிந்து பார்த்து, இவளே முணுமுணுத்து, இவளே நிமிர்ந்து எழுதிக்கொள்வாள்.

யாரும் அவளை ஒரு குறையும் சொன்னதில்லை. அவர்கள் எல்லாரும் சின்ன வயதிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவர்களுடைய சிரிப்புக்குக்கூட முன்கதை இருந்தது. நடுவில் வந்து சேர்ந்தவளுக்கு எங்கே சிரிக்க வேண்டும் என்றே தெரியவில்லை.

இதை வீட்டில் சொல்ல முடியாது. வெளிநாட்டுக்குக் கிளம்பிய அன்று விமான நிலைய வாசலில் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார், மூன்று மாதம் பார்ப்பேன், பெண் தனியாகக் கிடந்து தவிக்கிறாள் என்று தெரிந்தால் அடுத்த விமானத்திலேயே கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று. இங்கே இந்த இரண்டு வருடப் படிப்பை முடித்தால்தான் மருந்தியல் படிப்பு. அதைப் பத்து வயதிலிருந்து மனதுக்குள் பொத்தி வைத்திருப்பவள் அவள்.

அதனால்தான் முதல் வாரம், “பக்கத்துல யாருடி உக்கார்றா?” என்று அம்மா கேட்டபோது, அவள் கண் ஆய்வகச் சுவரில் தொங்கிய தனிம அட்டவணைக்குப் போயிற்று. ஓரமாக இருந்த ஒன்றைப் பிடித்தாள்.

“செனான்மா.”

எட்டாவதோடு படிப்பை விட்ட அம்மாவுக்கு அது ஒரு நல்ல வெளிநாட்டுப் பெண்ணின் பெயராகவே கேட்டது. அடுத்த வாரம் ஆர்கான் வந்தாள். அதற்கடுத்து கிரிப்டான். “தலைவலி மாத்திரைக்கு வெச்ச பேராட்டம் இருக்கே!” என்று அப்பா சிரித்தார். ஆனாலும் நம்பினார்.

போன வாரம் அவர் கிரிப்டானோடு பேச வேண்டும் என்றபோது, அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்தாயிற்று. அம்மா மூன்று நாள் விடாமல் விசாரித்தாள். “காய்ச்சல் விட்டுச்சா? சுடுதண்ணி குடிக்கச் சொல்லு. பாவம், யாரு பெத்த புள்ளையோ.”

இன்றோடு மூன்று மாதம்.

திரை ஆடியது. அம்மா கையிலிருந்து போன் அப்பா கைக்கு மாறியது.

“எங்கம்மா உன் கூட்டாளிங்க? மூணு பேர்ல ஒருத்தர் கிட்டயாவது போனைக் குடு, பாப்போம்.”

நடையின் அந்தக் கோடியில் வகுப்புப் பெண்கள் கும்பலாகப் போனார்கள். யாரையாவது கூப்பிட்டு, ஒரு நிமிடம் செனானாக இருக்கிறாயா என்று கேட்க முடியுமா? கேட்கும் அளவுக்குப் பழக்கம் இருந்தால் இந்தப் பொய்யே தேவைப்பட்டிருக்காதே.

“அது... அப்பா... அவங்க வந்து...”

அப்பாவின் முகம் மாறத் தொடங்கியது.

“எதுக்குங்க புள்ளைய இப்படிக் குடையுறீங்க?” பின்னாலிருந்து அம்மாவின் குரல். “நேத்து நீங்க கடைக்குப் போனப்ப நானே பேசினேன். அந்தச் செனான் என்னை ஆன்ட்டின்னு கூப்பிட்டுச்சு. என்ன மரியாதை தெரிஞ்ச பொண்ணு! நம்ம வீட்டுலயும் இருக்குதே ரெண்டு.”

அப்பா திரும்பிப் பார்த்தார்.

“நீயே பேசிட்டியா? அப்ப சரி.” அவர் குரல் இளகியது. “படிச்சு முடிச்சுட்டே வாம்மா.”

செருப்புச் சத்தம் தேய்ந்து, கதவு சாத்தும் ஓசை கேட்டது. மறுபடி அம்மாவின் பாதி முகம்.

அம்மா எதையோ தேடி எடுத்துத் திரைக்கு முன் பிடித்தாள். தம்பியின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம். அம்மா கையால் போட்ட பழுப்பு அட்டை, தைக்கும் துணிக்குப் போடுவது போன்ற மடிப்பு. கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். கட்டம் கட்டமாகத் தனிம அட்டவணை.

“பள்ளிக்கூடம் தொறந்த அன்னிக்கு இதுக்கு அட்டை போட்டேன்ல. அப்பவே கண்ணுல பட்டுச்சு. மூணு பேரும் கடைசி வரிசையில ஒண்ணு கீழ ஒண்ணு நிக்கிறாங்க.”

“அம்மா...”

“உள்ள என்ன எழுதியிருக்குன்னு எழுத்துக் கூட்டிப் படிச்சேன்.” அம்மா புத்தகத்தை இறக்கினாள். “நல்ல புள்ளைங்கதான். ஆனா அவங்க யார்கூடயும் சேரவே மாட்டாங்களாமேடி. வேற வரிசையில யாரையாச்சும் பாரு, கண்ணு.”

அப்புறம் வழக்கம்போல, “முதல்ல அந்த ரொட்டியப் பிரிச்சுத் தின்னு,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இருண்ட திரையைப் பார்த்தபடி அவள் கணக்குப் போட்டாள். தம்பிக்குப் பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாதம் ஆகிறது.

கிரிப்டானுக்குக் காய்ச்சல் வந்தது போன வாரம்தான்.