ஒத்துவராத மதிப்பெண்

சுவாசக் கருவியை நிறுத்தலாமா என்று முடிவெடுக்க டாக்டர்கள் ஐந்து பேர் கூடினோம். அடுத்த அறையில் நினைவில்லாமல் கிடந்தவர் எங்கள் குழுவின் ஆறாவது டாக்டர்.

"சீக்கிரம் முடிங்க, அந்த பெட் வேணும்" என்றார் தலைமை டாக்டர். அப்படி என்ன அவசரமோ!

நிறுத்தலாம் என்றால் பத்து, கூடாதென்றால் பூஜ்யம். பெயர் தெரியாதபடி மதிப்பெண்ணைப் போனில் போடுவோம்; சுவரில் உள்ள திரையில் தெரியும். மற்றவர்களோடு ஒத்துவராதவர் காரணம் எழுத வேண்டும்.

திரையில் ஐந்து பத்துகள் வந்தன. கூடவே ஒரு பூஜ்யம்.

"யாருய்யா ரெண்டு தடவை போட்டது?" தலைமை டாக்டர் மேசையில் ஓங்கி அடித்தார். "போனையெல்லாம் கீழ வைங்க!"

வைத்தோம். பூஜ்யம் அழிந்து, மறுபடியும் வந்தது.

"காரணத்தை எழுதித் தொலைங்க!" என்று கத்தினார்.

யாரும் போனைத் தொடவில்லை. திரையில் எழுத்து ஓடியது.

"கத்தாதீங்க. எனக்கு எல்லாம் கேக்குது."