வழி தெரியாத வீட்டுக்காரி

"நீங்க, நான், உத்திரத்துல தொங்குற நாலு வவ்வாலு. எழுபது அறை வீட்டுக்குள்ள இப்ப இருக்குறது அம்புட்டுத்தான். என் பின்னாடியே வாங்க சார்" என்று சொல்லிவிட்டு சுபா விறுவிறுவென்று இடப்பக்கம் திரும்பினாள்.

எதிரே சுவர்தான் இருந்தது.

"இந்தச் சுவரைப் பாருங்க" என்றாள், கொஞ்சமும் அசராமல். "முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசுனது. தொட்டுப் பாருங்க, எப்படி வழவழன்னு இருக்கு!"

சிவபிரகாஷ் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். ஐம்பது வயதிருக்கும். மதுரையில் ஓட்டல் நடத்துவதாகப் போனில் சொல்லியிருந்தார். நேமத்தான்பட்டியில் இந்த வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியாக மாற்றப் போகிறாராம். பிடித்திருந்தால் இன்றைக்கே முன்பணம். சுபாவுக்கும் அது இன்றைக்கே வேண்டும். சாயங்காலம் சென்னைக்கு பஸ் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இதற்கு முன்னால் வந்த இரண்டு பேரும் வீட்டைப் பாதி பார்த்ததோடு போனவர்கள்தான், திரும்பவில்லை.

அவளுக்குத் திசை என்பதே கிடையாது. சினிமாவில் இடைவேளைக்கு எழுந்து போனால், திரும்பி வந்து பக்கத்துத் தியேட்டரில் வேறு படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். லிப்டை விட்டு எந்தப் பக்கம் நடக்கிறாளோ, போக வேண்டிய இடம் அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கும். அதற்காக அவள் அழுததில்லை. முப்பத்தெட்டு வயதில் ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தாள். வழி தவறினால் நிற்கக் கூடாது. நின்றால்தான் மாட்டிக்கொள்வோம். பேசிக்கொண்டே நடந்தால் ஒருத்தருக்கும் தெரியாது.

"சமையல்கட்டு எங்குட்டு இருக்கு ஆச்சி?"

"இங்குட்டுத்தான், வாங்க."

இரண்டு தாழ்வாரம் கடந்து, ஒரு மூலை திரும்பி, வெயில் விழும் திறந்த முற்றத்துக்கு வந்து நின்றார்கள்.

"இதை முன்னாடியே பாத்துட்டமே."

"அது முதல் முற்றம் சார். இது ரெண்டாவது."

"அங்கயும் நான் குடையை இப்படித்தான் ஒரு தூண்ல சாத்தி வச்சிட்டு வந்தேன்."

தூணில் அவருடைய குடை சாய்ந்திருந்தது.

சுபா வாய்விட்டுச் சிரித்தாள். "சரி, மாட்டிக்கிட்டேன். இந்த வீட்டுக்கு மருமகளா வந்து பதினாலு வருசமாச்சு. இன்னும் பிடிபடலை. 'இவ இடுப்புல ஒரு மணியைக் கட்டி விடுங்கடி'ன்னு எங்க மாமியா சொல்லுவாக."

"மணி கட்டுனா நீங்க எங்க இருக்கீகன்னு அவுகளுக்குத் தெரியும். உங்களுக்கு?"

"கேலி பண்ணுங்க, பண்ணுங்க. எனக்கு வழி தெரியலைன்னா வீட்டுக்கு என்ன குறைச்சல்? தேக்கும் கல்லும், நூறு வருசமா அசையாம நிக்கிது."

அவர் சிரித்தார். ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இது மூன்றாவது தடவை. ஆள் கிளம்பிவிடுவாரோ? சுபா நடையை எட்டிப் போட்டாள்.

முதலில் திறந்த கதவுக்குப் பின்னால் குளியலறை. அடுத்ததில் உடைந்த கட்டில்கள். மூன்றாவது கதவைத் திறந்தால் தெரு. வெள்ளாடு ஒன்று அசைபோட்டபடி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தது.

"நாம உள்ள வந்த பின்வாசல்" என்றாள் சுபா, பெருமையாக.

"முன்வாசலைத் திறக்கவே மாட்டீகளோ?"

"அது விசேஷத்துக்கு மட்டுந்தான் சார். எங்க வீட்டு வழக்கம்."

"சரி ஆச்சி, நீங்க என் பின்னாடி வாங்க. ஓட்டல்காரனுக்குச் சமையல்கட்டை மோந்தே கண்டுபிடிக்கத் தெரியும்."

அவர் முன்னால் நடந்தார். வலப்பக்கம் திரும்பி, ஒரு குறுகலான நடைக்குள் நுழைந்தார். "தலை இடிக்கும், குனிஞ்சுக்கங்க" என்றார், திரும்பிப் பார்க்காமலே. சுபா குனிந்தாள். இருட்டில் மூன்று படி. இறங்கினால், வரிசையாக ஏழு அடுப்போடு சமையல்கட்டு.

அவளுக்குக் கண்ணீர் வராத குறை. வேறொருத்தியாக இருந்தால் ஏதாவது கேட்டிருப்பாள். சுபா வாழ்நாள் முழுக்க, வழி தெரிந்தவர் பின்னால் வாயை மூடிக்கொண்டு நடந்தே பழகியவள்.

"கெட்டிக்கார ஆளு சார் நீங்க!"

"வீடு பிடிச்சுப் போச்சு ஆச்சி. முடிச்சுக்குவோம்."

"இன்னைக்கேவா?"

"இப்பவே. உக்காந்து கையெழுத்துப் போட ஒரு இடம் பாருங்க. அந்தா, அந்த அறையில மேசை கிடக்கும்."

சுபா அந்த அறைக்குள் நுழைந்தாள். கதவு ஒரு சாண் கனத்த தேக்கு. உள்ளே நிஜமாகவே மேசை இருந்தது. விரலால் தூசியைத் துடைத்துவிட்டு, பேனாவைத் தேடிக் கைப்பைக்குள் கையை விட்டாள். முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் சுருங்கி மறைந்தது.

"சார், கதவு தானா சாத்திக்கிருச்சு!"

"நான்தான் சாத்துனேன்" என்றது வெளியிலிருந்து குரல், கோபமே இல்லாமல். "சிங்கப்பூர்ல உக்காந்து நெட்டைப் பாத்துக்கிட்டிருந்தா, எங்க பாட்டையா கட்டுன வீட்டை யாரோ குத்தகைக்கு விடுறாக. போலீசு வர அரை மணி நேரமாகும்னாக, அதுவரைக்கும் நீங்க சுத்திக் காட்டுறதை நானும் பாத்துக்கிட்டே வந்தேன்."

நாதாங்கி விழுந்தது. அதன் மேல் பூட்டும் விழுந்தது.