பிஸியா இருக்கும்

பானெட்டைத் திறந்ததுமே டொமினிக் முகத்தைச் சுளித்தார். இஞ்சினுக்கு மேலே உள்ளங்கையைக் காட்டி எடுத்தவர், பரத்தைத் தனியாகக்கூட அழைக்கவில்லை. அங்கேயே சொன்னார்.

"சூடா இருக்கு. நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காங்க."

பரத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மனைவி தீபிகாவுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்குள் ஒரு நல்ல கார் வாங்கிவிட வேண்டும் என்று இரண்டு மாதமாக பெங்களூரு முழுக்க அலைகிறான். பார்த்த நான்கு வண்டியிலும் ஏதாவது தில்லுமுல்லு. அதனால்தான் இந்த முறை பிரேசர் டவுன் மெக்கானிக் டொமினிக்கைக் கையோடு கூட்டிக்கொண்டு ஒக்கலிபுரம் வந்தான்.

வரும் வழியிலேயே டொமினிக் சொல்லியிருந்தார். டர்போ வண்டியை இஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். முதல் புகை நீலமாக வந்தால் டர்போ பழுதாகி ஆயில் குடிக்கிறது என்று அர்த்தம். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கிவிட்டால் பாதி வியாதி மறைந்துவிடும். விற்கிறவர்கள் வழக்கமாகச் செய்கிற வேலைதான் அது.

மற்றபடி அவரால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. குறை இல்லாததே அவருக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. சந்தேகப்பட்டே பழகியவர்கள் அப்படித்தான்.

வண்டிக்காரர் பெருமாள்சாமி, துடைக்கும் துணியைக் கையில் பிடித்தபடி நின்றார். முப்பது வருடம் அடுத்தவர் கார்களை ஓட்டியவர். சொந்தமாக வாங்கியது இது ஒன்றுதான். வீட்டு ஓனர் ஷெட்டை இடித்துக் கடை கட்டப் போகிறார், நிறுத்த இடமில்லை என்பதால் விற்கிறார்.

"போன்லயே சொன்னேனே சார், பிஸியா இருக்கும்னு. நீங்கதான் பரவால்லன்னீங்க."

அவர் சொன்னது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிஸியா இருக்கும், திங்கட்கிழமை வாங்க என்றுதான் சொன்னார். திங்கட்கிழமை ஆபீஸ். பிஸியாக இருந்தாலும் பரவாயில்லை, ஞாயிறே வருகிறோம் என்று பரத்தான் பிடிவாதம் பிடித்தான்.

"நீங்க பிஸின்னா நாங்க காத்திருந்திருப்போமே. அதுக்காக இஞ்சினைச் சூடாக்கி வெச்சு ஏமாத்துவீங்களா?"

கேள்வி பெருமாள்சாமிக்குப் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஏமாற்று என்ற சொல் மட்டும் புரிந்தது. அது தெருவுக்கும் கேட்டுவிட்டது. எதிர் வீட்டு நரேஷ் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பக்கத்து வாசலில் காலில் பெரிய கட்டோடு உட்கார்ந்திருந்த லட்சுமம்மா, கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே எழப் பார்த்தார். பரத் அவரைக் கையமர்த்தினான்.

"முப்பது வருஷத்துல என்னை ஒருத்தர் இப்படிச் சொன்னதில்ல சார்," என்றார் பெருமாள்சாமி. "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வாங்க. சாவியத் தொடாம வெச்சிருக்கேன். நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

"பார்க்கலாம்," என்றான் பரத்.

பார்க்கலாம் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். அது எல்லோருக்கும் தெரியும் என்று அவன் நினைத்தான்.

வியாழக்கிழமை மதியம் ஆபீஸ் கேன்டீனில் பிஸி பேளா பாத்தை ஒரு வாய் வைத்ததும் பரத்தின் நாக்கு வெந்துபோனது. தண்ணீருக்குத் தவித்தவனைப் பார்த்து, கூட வேலை செய்யும் வீணா சிரித்தாள்.

"பேர்லயே சொல்லியிருக்கே பரத். கன்னடத்துல பிஸின்னா சூடு."

அருப்புக்கோட்டையிலிருந்து வந்த இரண்டு வருடமாக வாரம் தவறாமல் இதைச் சாப்பிடுகிறான். பெயருக்கு என்ன பொருள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஸ்பூன் கையிலேயே நின்றது. பிஸியா 'இருப்பேன்' என்று பெருமாள்சாமி சொல்லவில்லை. பிஸியா 'இருக்கும்' என்றுதான் சொன்னார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழோடு கன்னடமும் கலந்துதான் வரும். இஞ்சின் சூடாக இருக்கும், இன்னொரு நாள் வாருங்கள் என்று அந்த மனிதர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். அவரைப் போய்த் தெரு பார்க்க ஏமாற்றுக்காரர் என்றோமே என்று பரத்துக்கு வெட்கமாக இருந்தது.

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுப் போன் செய்தான். அன்று ஒரு தடவைகூட வராத 'ஐயா' இன்று தானாக வந்தது.

"ஐயா, நான் பரத். அன்னிக்கு நீங்க சொன்னதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். மன்னிச்சிடுங்க. வண்டிய நானே எடுத்துக்கறேன்."

"நேத்து சாயங்காலம் புரோக்கர் ஒருத்தர் வாங்கி ஓட்டிட்டுப் போயிட்டாரே சார். இன்னிக்கு ஷெட்டை இடிக்கிறாங்க."

குரலில் கொஞ்சம்கூடக் கோபம் இல்லை. திட்டியிருந்தாலாவது பரத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இஞ்சின் அன்று எப்படிச் சூடானது என்று அவன் கேட்காமலே அவர் சொன்னார். லட்சுமம்மாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். ஞாயிறும் புதனும் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது இவர்தான்.

"நேத்து மட்டும் அவங்கள ஆட்டோல அனுப்பிட்டேன் சார். நீங்க பார்க்கலாம்னு சொன்னீங்களே. மூணு நாளும் ஸ்டார்ட் பண்ணாம ஆறவெச்சே வெச்சிருந்தேன். ஆறு மணிக்கு வாசல்ல வந்து நின்னு பார்ப்பேன்."

பரத் போனோடு எழுந்து கேன்டீன் வாசலுக்கு நடந்தான்.

பெருமாள்சாமியே தொடர்ந்தார். "பரவால்ல சார். ஆபீஸ் நேரம், நீங்க பிஸியா இருப்பீங்க. வெச்சிடறேன்."