கண்ணாடிச் சேவல்

"தலை தனியா வந்துடுச்சுங்க!"

மனைவியின் உள்ளங்கையில் சிவப்புக் கொண்டையோடு ஒரு கண்ணாடிச் சேவலின் தலை. மீதிச் சேவல் தரையில் நீலமும் பச்சையுமாகச் சிதறிக் கிடந்தது.

கணவர் குனிந்து துண்டுகளைப் பார்த்தார். "செடிக்குத் தண்ணி ஊத்தத்தானே டீச்சர் சாவி கொடுத்தாங்க? செடி பால்கனியில இருக்கு. உனக்கு உள்ரூம்ல என்ன வேலை?"

"எந்தக் காலத்துச் சாமான்னு அடியில போட்டிருக்கும். சும்மா திருப்பிப் பார்த்தேன்."

"சேவலுக்கு அடியில என்ன இருக்கும், முட்டையா?"

தெருவில் அவளுக்குப் பெயரே சாவிக்கொத்து. வெளியூர் போகிற பாதிப் பேர் வீட்டை அவளிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். செடி வாடாது. யார் வீட்டு அலமாரியில் எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியாமல் இருக்காது. தொட்ட தடம் தெரியாமல் தொடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவளுடைய நினைப்பு.

"டீச்சர் போறப்போ ரெண்டு தடவை சொன்னாங்க. 'அக்கா, உள்ரூம் பக்கம் மட்டும் போகாதீங்க, மாமியார் கொடுத்த சேவல் இருக்கு'ன்னு."

"அவ்வளவு சொல்லியுமா போனே?"

"சொல்லலைன்னா போயிருக்கவே மாட்டேனே!" அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். "சாயந்திரம் வந்துடுவாங்க. விஷயம் வெளிய தெரிஞ்சா இந்தத் தெருவுல ஒருத்தரும் எனக்கு இனிமே சாவி தரமாட்டாங்க."

அவருக்கும் அது புரிந்தது. அப்புறம் இவள் நாள் முழுக்க வீட்டிலேயே இருப்பாள். உடனே செருப்பை மாட்டினார்.

பழைய சாமான் கடைத்தெருவில், அதே மாதிரிச் சேவல் கேட்டதற்கு முதல் கடைக்காரர் கண்ணாடி மீனைக் காட்டினார். அடுத்தவர் வாத்தைக் காட்டி, "சேவல் மாதிரியேதான் இருக்கும், மூக்கை மட்டும் பார்க்காதீங்க" என்றார்.

மூன்றாவது கடையில் நுழைந்ததும் சாவிக்கொத்துக்கு வந்த வேலை மறந்துபோயிற்று. ஆரஞ்சு நிறக் கூண்டு போட்ட மேஜை விளக்கு. விளிம்பில் ரோஜா ஓடுகிற பீங்கான் தட்டுகள். பச்சை டெலிபோன். மூடியில் கப்பல் போகும் பிஸ்கட் டப்பா. முந்தானையால் துடைக்கத் துடைக்கத் தூசிக்குள்ளிருந்து நிறம் எழும்பி வந்தது. அடுத்தவர் அலமாரியைத் திறக்கும்போது வருமே, அதே குறுகுறுப்பு. ஆனால் இங்கே எதை எடுத்துத் திருப்பினாலும் ஏனென்று கேட்பாரில்லை. இப்படியொரு சொர்க்கம் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே!

"என்னங்க, இந்த விளக்கைப் பாருங்களேன்!"

"சேவலைத் தேடுடி. நேரம் போகுது."

அப்போதுதான் பார்த்தாள். ஜன்னலோரம், வெளிச்சத்தில். சிவப்புக் கொண்டை, பச்சை இறக்கை, நீல வால். அச்சு அசல் அதே சேவல். ஆனால் ஓர் இளம்பெண்ணின் கையில்.

"அது நான் பார்த்து வெச்சதும்மா" என்று பாய்ந்தாள்.

"எப்போ?"

"இப்பத்தான்."

"நான் எடுத்தே முடிச்சுட்டேன். எங்க புது வீட்டு ஹாலுக்கு. கல்யாணமாகி இப்பத்தான் குடிவந்திருக்கோம்."

கடைக்காரர் தலையைத் தூக்கவில்லை. "கையில எடுத்தவங்களுக்குத்தான் பொருள். கடைச் சட்டம்."

கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். சாவிக்கொத்து அந்தப் பெண்ணின் அருகில் போனாள். பிறகு குரலைத் தணித்தாள். அவள் குரலைத் தணித்தால் தெருவில் யாருக்கோ கஷ்டகாலம் என்று அர்த்தம்.

"எடுத்துக்கோ கண்ணு. அழகாத்தான் இருக்கு. என்ன, இதே சேவல் நிக்கிற வீடு ஒண்ணு எனக்குத் தெரியும். புருஷனும் பொண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசியே நாளாச்சு."

"ஐயோ, ஏன்?"

"யாருக்குத் தெரியும்? பத்தாததுக்கு மாமியார் வேற பெட்டி படுக்கையோட வந்து நிரந்தரமா உட்கார்ந்துட்டாங்களாம்."

அந்த இளம்பெண் சேவலை இறக்கி வைத்தாள். மேஜையில் அதன் கால் படுவதற்குள் சாவிக்கொத்து அள்ளிக்கொண்டாள்.

"நாளைக்கு எனக்கு ஒரு சரக்கும் ஓடாது போலிருக்கே" என்று முனகினார் கடைக்காரர்.

"நீங்க பேசாம அந்த விளக்கையும் சேர்த்துக் கட்டுங்க."

துண்டுகளைப் பொறுக்கி, தரையைத் துடைத்து, சேவலை அதன் இடத்தில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தும்போது வாசலில் டாக்ஸி வந்து நின்றது.

டீச்சர் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேரே உள்ரூமுக்குத்தான் போனாள். சாவிக்கொத்து பின்னாலேயே போனாள். டீச்சர் சேவலைப் பார்த்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள். கழுத்தை விரலால் தடவினாள். அவள் முகம் வாடியது.

"அக்கா, நீங்க இந்த ரூமுக்கு வரவே இல்லையா?"

"எட்டிக்கூடப் பார்க்கலை!"

"எதையும் எடுத்து, திருப்பி கிருப்பி...?"

"நான் ஏம்மா அதெல்லாம் செய்யறேன்? நம்பி விட்டுட்டுப் போன வீடாச்சே!"

டீச்சர் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து இந்த அசிங்கம் என் தலைமாட்டுல நிக்குது. நானே உடைச்சா மாமியார் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க. நீங்க கை வெச்சா எதுவும் மிஞ்சாதுன்னு தெருவே சொல்லுச்சே, உங்களை நம்பித்தானேக்கா சாவியைக் கொடுத்துட்டுப் போனேன்!"